'வேண்டாம்' எங்கே போனது?

போன கார்த்திகை மழையில் ஒரு காலை. ஆறு மணிக்கு முன்னாலேயே ஓர் அக்கா வந்து எங்கள் வாசிகசாலைக் கதவைத் தட்டினார். முழங்கால் வரைக்கும் சேறு. ஒரு கையில் யூனிஃபோர்ம் போட்ட மகன், மறு கையில் போன். போனை எங்கள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நீங்க தானே தம்பி கீழ்ப் பாதையால போகலாமுன்னு போட்டிருக்கீங்க? மதகுகிட்ட போய்ப் பாருங்க. பாதிப் பாதையே இல்ல."

போனில் இருந்தது முதல் நாள் இரவு நாங்கள் அனுப்பிய மழை அறிவித்தல். கடைசி வரி இப்படி முடிந்திருந்தது: "கீழ்ப் பாதையால போகலா". அதற்குப் பின்னால் ஒரு கறுப்புக் கட்டம், அதற்குள் ஒரு கேள்விக்குறி. அவ்வளவுதான்.

நாங்கள் எழுதியது அது இல்லை. "கீழ்ப் பாதையால போகலாமுன்னு இறங்க வேண்டாம்." இதுதான் நாங்கள் எழுதியது. வாலில் இருந்த 'முன்னு இறங்க வேண்டாம்' எங்கேயோ வழியில் விழுந்து போயிருக்கிறது. மிச்சமிருந்த 'போகலா'வை அக்கா 'போகலாம்' என்று வாசித்திருக்கிறார். யாராக இருந்தாலும் அப்படித்தான் வாசிப்பார்கள்.

அக்காவுக்கும் மகனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மண் சரிந்து கிடந்ததை டோர்ச் வெளிச்சத்தில் கண்டு திரும்பி விட்டார்கள். ஆனால் அன்றைக்கு எங்களில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அந்த 'வேண்டாம்' எங்கே போனது என்று நாங்கள் தேடின கதைதான் இது. கம்பியூட்டர் கதைதான், ஆனால் பயப்பட வேண்டாம். எங்களுக்கே பாதி விசயம் அந்த வாரத்தில்தான் விளங்கியது.

*

நாங்கள் நான்கு பேர். மொனராகலை டவுனுக்கு மேலே, மரகலை மலைப் பக்கம், ஒரு றப்பர் தோட்டம். மூன்று லயம், ஒரு பிரட்டுக்களம், ஒரு கோயில், பழைய பிள்ளை மடுவத்தில் ஒரு வாசிகசாலை. வாசிகசாலையில் திரை வெடித்த ஒரு லெப்டொப் இருக்கிறது. அதில் டெபியன் லினக்ஸ் ஓடுகிறது. அந்த லெப்டொப்தான் எங்கள் அரட்டை சேர்வர். ஒரு ரவுட்டர் வாசிகசாலையில், இரண்டு பழைய ரவுட்டர்கள் லயத்து ஜன்னல்களில். கரண்ட் போனால் ரவுட்டருக்கு த்ரீவீலர் பெற்றரி. இன்டர்நெட் இல்லாவிட்டாலும் மூன்று லயத்துக்குள்ளேயும் போனில் எழுதிக் கொள்ளலாம். டேட்டா காசும் போகாது.

வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதற்கு என்று எல்லாரும் கேட்டார்கள். வாட்ஸ்அப் இல்லாமல் போன நாட்களும் இருந்தன என்பதுதான் பதில். 2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போது பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் அரசாங்கம் மூடியது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டு வெடிப்புக்குப் பிறகு திரும்பவும் மூடியது. அப்போது நாங்கள் ஸ்கூல் பிள்ளைகள். யார் சொல்வது உண்மை, யார் சொல்வது கதை என்று தெரியாமல் லயத்தில் ஆட்கள் விழித்துக் கொண்டிருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. அது போக, எங்கள் பக்கம் பெருமழை வந்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் போகும். சிக்னல் மிகவும் தேவைப்படுகிற நேரம் பார்த்துத்தான் சிக்னல் இல்லாமல் போகிறது.

மழை என்றால் எங்களுக்கு என்ன பயம் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. நாங்கள் கொழும்புக்குப் போகிற வீதியிலேயே, வெல்லவாய தாண்டி மேலே ஏறினால் வருகிற ஊர்தான் கொஸ்லந்தை. அந்த இடம் ஆபத்தானது என்று பல வருசத்துக்கு முன்னமே சொல்லப்பட்டிருந்தது. சொன்ன பேச்சு ஆட்களை வேறு இடத்துக்கு நகர்த்துகிற அளவுக்குப் போய்ச் சேரவில்லை. போவதற்கு வேறு காணி, வேறு வீடு கொடுக்கப்படவில்லை என்பதும் அதில் இருக்கிறது. அதை ஓர் அரட்டை சேர்வர் தீர்க்காது. ஆனால் வந்த எச்சரிக்கையாவது பக்கத்து காம்பராவுக்கு முழுசாகப் போக வேண்டும் இல்லையா?

அதனால்தான் மழை அறிவித்தல் தொடங்கினோம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு ஒரு கணக்குச் சொல்கிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் கவனம், 100 தாண்டினால் தயார் நிலை, 150 தாண்டினால் அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால் வெளியேற வேண்டும். வாசிகசாலை முற்றத்தில் நேராக வெட்டிய ஒரு போத்தலும் ஓர் அடிமட்டமும் வைத்து நாங்களும் அளந்தோம். அது அரசாங்க மழைமானி இல்லை, ஆனால் தலைக்கு மேலே பெய்கிற மழையைச் சொல்லும். மூன்று மணிக்கு ஒரு தடவை அளவைத் தட்டினால், ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் அதை அறிவித்தலாக்கி சனலில் போடும். அன்றைக்கு இரவு அளவு 104.

*

எங்கள் சேர்வர் பேசுவது ஐ.ஆர்.சி. என்ற பழைய அரட்டை மொழி. எங்கள் எல்லாரையும் விட வயது கூடியது. 1988 ஓகஸ்டில் பின்லாந்தின் ஒளலு பல்கலைக்கழகத்தில் ஜார்க்கோ ஒய்கரினன் எழுதியது. 1991இல் மொஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்து செய்திகள் அடைபட்டபோது, அங்கிருந்து தகவல் வெளியே கசிந்த வழிகளில் இதுவும் ஒன்று. லினக்ஸ் பழகுகிறவர்கள் ரொம்ப காலம் சந்தேகம் கேட்டதெல்லாம் இதில்தான். ஃப்ரீநோட் வலையமைப்பில் உபுண்டு தமிழ்க் குழுவுக்கும் ஒரு சனல் இருந்தது. 2021 மே மாதம் ஃப்ரீநோட் உடைந்து, அதை நடத்தியவர்களே வெளியேறி லிபெரா சட் தொடங்கினார்கள்.

நாங்கள் இதைத் தெரிவு செய்தது பழைமை மேல் உள்ள ஆசையில் இல்லை. மலிவு போனிலும் ஓடும், பழைய லெப்டொப்பிலும் ஓடும். முக்கியமாக, திறந்து பார்க்கலாம். என்ன போகிறது, என்ன வருகிறது என்பதைச் சாதாரண எழுத்தாகவே கண்ணால் வாசிக்கலாம். பிழை வந்தால் அதுதான் உதவும் என்று ஒரு பழைய அடியிலிருந்து படித்திருந்தோம்.

அந்த அடியையும் சொல்லி விடுகிறோம். 2022 ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை. ஊரடங்கு. கரண்ட் வெட்டு நாளுக்குப் பல மணித்தியாலம் இருந்த காலம். நள்ளிரவுக்குப் பிறகு சமூக வலைத்தளங்களை மறுபடி மூடி விட்டார்கள். 'இதுக்குத்தானே இதைக் கட்டினோம்' என்று பெருமையோடு எல்லாருக்கும் சொல்லி விட்டோம். யாருக்கும் இணையவில்லை. எல்லாப் போனிலும் 'தொடர்பு மறுக்கப்பட்டது' என்று ஒரே பதில்.

நாங்கள் என்ன செய்தோம்? சேர்வர் புரோகிராமை நிறுத்தித் திரும்பத் தொடங்கினோம். ஐந்து தடவை. பிறகு அழித்து விட்டுத் திரும்ப நிறுவினோம். பிறகு ஒருவரை ஒருவர் ஏசினோம். 'நீ தானே நேத்து எதையோ நோண்டினே' என்பதில் தொடங்கி எங்கெங்கோ போனது. பின்னேரம் அரசாங்கம் தடையை எடுத்து விட்டது. எங்கள் சேர்வருக்குத் தேவையே இல்லாமல் போன பிறகுதான் பிழை பிடிபட்டது.

அதை லயத்துக் கணக்கில் சொன்னால் இலகு. வலையமைப்பில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு முகவரி இருக்கிறது. அது லயத்து இலக்கம் மாதிரி. ஒவ்வொரு சேவைக்கும் போர்ட் என்று ஓர் எண் இருக்கிறது. அது காம்பரா இலக்கம் மாதிரி. ஐ.ஆர்.சி. வழமையாக இருக்கிற காம்பரா 6667. கதவு தட்டும்போது இரண்டு வகையாகத் தோற்கலாம். ஒரு சத்தமும் வராமல் காத்திருந்து காத்திருந்து ஓய்ந்து போவது ஒன்று. அப்படியென்றால் லயத்துக்கே போய்ச் சேரவில்லை, அல்லது வழியில் யாரோ மறிக்கிறார்கள். 'மறுக்கப்பட்டது' என்று உடனே பதில் வருவது மற்றது. அப்படியென்றால் லயம் இருக்கிறது, அந்தக் காம்பராவில்தான் ஆள் இல்லை.

எங்களுக்கு வந்தது இரண்டாவது. ஆனால் லெப்டொப்பில் பார்த்தால் சேர்வர் 6667இல் பேசாமல் உட்கார்ந்திருக்கிறது. அப்படியென்றால் போன்கள் தட்டுவது வேறு லயத்தை. அதுதான் நடந்திருந்தது. கரண்ட் போய் வந்ததில் ரவுட்டர் முகவரிகளை மறந்து, புதுசாகப் பங்கு போட்டிருந்தது. 10ஆம் இலக்கத்தில் இருந்த லெப்டொப்புக்கு 14 கிடைத்திருந்தது. பழைய 10 யாரோ ஒருவருடைய போனுக்குப் போயிருந்தது. அந்தப் போனில் என்ன சேர்வர் இருக்கும்? ரவுட்டரில் லெப்டொப்புக்கு நிரந்தரமாக 10ஐ ஒதுக்கியதும் எல்லாம் சரி. ஐந்து நிமிச வேலைக்கு ஒரு முழு நாள்.

அன்றைக்கு சுவரில் ஒரு தாள் ஒட்டினோம். 'பிழைச் செய்தியை முழுசா வாசி. ஒரு நேரத்துக்கு ஒன்றை மட்டும் மாற்று. ஆளை ஏசாதே, வயரைப் பார்.' கார்த்திகை மாசக் காலையில் அக்கா வந்து நின்றபோது அந்தத் தாள் அங்கேயேதான் ஒட்டியிருந்தது. அப்படியிருந்தும் எங்கள் வாயில் முதலில் வந்தது, "அக்கா, உங்க போன் பழசு, அதான்."

*

எங்களுக்கு அப்படித் தோன்றியதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் லெப்டொப்பில் ஸ்க்ரிப்டின் பதிவைத் திறந்து பார்த்தோம். அறிவித்தல் முழுசாக இருந்தது, 'வேண்டாம்' வரைக்கும், முற்றுப்புள்ளி வரைக்கும். 'நாங்க சரியாத்தானே அனுப்பியிருக்கோம்!'

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஐ.ஆர்.சி.யில் நீங்கள் எழுதுவது சேர்வருக்குப் போய்த் திரும்பி உங்களிடம் வருவதில்லை. நீங்கள் எழுதினதை உங்கள் இயந்திரமே உங்களுக்குக் காட்டி விடுகிறது. அனுப்புகிறவருக்கு எப்போதும் முழுசாகத்தான் தெரியும். வெட்டுப்பட்டதைப் பார்க்கிறவர் மறுமுனையில் இருக்கிறவர் மட்டும்தான். அந்த அக்கா வந்து கதவைத் தட்டியிருக்காவிட்டால், நாங்கள் வருசக் கணக்கில் பாதிச் செய்தி அனுப்பிக் கொண்டே இருந்திருப்போம்.

அக்கா விடவில்லை. "அப்ப இந்தப் பொடியன் போனைப் பாருங்க" என்று பக்கத்துக் காம்பராப் பையனைக் கூப்பிட்டார். புதுப் போன். அதிலும் 'போகலா', கறுப்புக் கட்டம். மூன்றாவது போனிலும் அதே இடத்தில் அதே வெட்டு. தாளைப் பார்த்துக் கொண்டோம். ஆளை ஏசாதே, வயரைப் பார்.

ஒவ்வொன்றாகக் கழித்தோம். சிக்னல் குறைவா? போனை ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்துத் திரும்ப அனுப்பினோம். அதே வெட்டு. அப்ளிகேஷன் பிழையா? வேறு அப்ளிகேஷன் போட்டோம். அதே வெட்டு. எழுத்துரு இல்லையா? அதே போனில் சின்னத் தமிழ்ச் செய்தி எல்லாம் அழகாக வருகிறது. பிறகு ஒருத்தி, அதே அறிவித்தலை ஆங்கில எழுத்தில் தங்லிஷில் தட்டி அனுப்பிப் பார்த்தாள். முழுசாக வந்தது. 'வேண்டாம்' உட்பட.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தமிழ் என்றால் வெட்டுகிறதா?

அதையும் நம்பி விடாமல், நீளமான ஓர் ஆங்கிலப் பந்தியை அனுப்பினோம். அதுவும் வெட்டுப்பட்டது. ஆனால் ரொம்பத் தள்ளி. அப்போது மொழி இல்லை, நீளம். என்ன நீளம்? லினக்ஸில் டபிள்யூ.சி. என்று ஒரு சின்னக் கட்டளை இருக்கிறது, எண்ணிச் சொல்கிற வேலை மட்டும் செய்யும். எங்கள் அறிவித்தலைக் கொடுத்தோம். குறிகளை எண்ணச் சொன்னால் 204 என்றது. பைட்டுகளை எண்ணச் சொன்னால் 522 என்றது.

கடைசியாக, டிசிபிடம்ப் என்ற கருவியைப் போட்டு வயரிலேயே ஒட்டுக் கேட்டோம். ஸ்க்ரிப்டிலிருந்து சேர்வருக்குள் போன வரி 542 பைட். சேர்வரிலிருந்து போன்களுக்கு வெளியே வந்த வரி சரியாக 512. போனும் இல்லை, வைஃபையும் இல்லை. எங்கள் வீட்டுக்குள்ளேயே வெட்டு நடந்திருக்கிறது.

*

512 எங்கிருந்து வந்தது? 1993 மேயில் ஐ.ஆர்.சி.க்கு ஒரு விதிமுறை ஆவணம் வந்தது. ஒரு வரி, அதன் முடிவைக் காட்டுகிற இரண்டு பைட்டையும் சேர்த்து, 512 பைட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது அதில் ஒரு விதி. தாண்டினால் சில சேர்வர்கள் தொடர்பையே அறுக்கும். சிலது மிச்சத்தை வெட்டிப் போட்டு விட்டுப் பேசாமல் இருக்கும். எங்களுடையது பேசாமல் இருக்கிற சாதி.

ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். 512 என்பது ஒரு நல்ல பந்தி. தமிழுக்கு இப்போது எல்லா இடத்திலும் பாவிக்கிற யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். குறி என்றால் எழுத்துக் கூட இல்லை. 'கி' என்பது நமக்கு ஓர் எழுத்து, கம்பியூட்டருக்கு 'க' ஒன்று, விசிறி ஒன்று, ஆக ஆறு பைட். 'மொனராகலை' நமக்கு ஐந்து எழுத்து, கம்பியூட்டருக்கு 24 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் 10. பழைய பாமினி எழுத்துருவில் தட்டினால் 9. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தைப் போட்டு ஏமாற்றுகிற வித்தை, அதனால் மலிவு. ஆனால் மறுமுனையில் பாமினி இல்லாவிட்டால் வெறும் குப்பைதான் தெரியும்.

எஸ்.எம்.எஸ்ஸிலும் இதே கணக்கு இருக்கிறது. ஆங்கிலத்தில் 160 எழுத்து போகிற இடத்தில் தமிழில் 70 குறிதான்.

கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று தேடிப் பார்த்ததில் ஒரு வேடிக்கையான விசயம் அகப்பட்டது. ஐ.ஆர்.சி.யில் சதுர அடைப்புக்குறியின் 'சின்ன எழுத்து' நெளிவு அடைப்புக்குறி என்று ஒரு விதி இருக்கிறது. பெயர்களை ஒப்பிடும்போது இரண்டையும் ஒன்றாகவே அது எடுத்துக் கொள்ளும். பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் அந்தக் காலத்துப் பின்லாந்துக் கம்பியூட்டர்களில் அந்த அடைப்புக்குறிகளின் இடத்தில்தான் அவர்கள் மொழியின் புள்ளி வைத்த உயிரெழுத்துகள் இருந்தன. அதாவது ஒய்கரினனுக்கும் நம்முடைய பிரச்சினைதான். ஆங்கிலத்துக்கு என்று செய்த பெட்டிக்குள் தன் மொழியை எப்படியோ நுழைத்துக் கொண்டார். யு.டி.எஃப்-8ஐ கென் தொம்ப்சனும் ரொப் பைக்கும் வடிவமைத்தது 1992இல். ஐ.ஆர்.சி. பிறந்து நான்கு வருசம் கழித்து. தமிழை வெட்ட வேண்டும் என்று யாரும் நினைத்து வெட்டவில்லை. பெட்டி செய்த நேரம் நாங்கள் அந்த அறையில் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் வெட்டு எங்கே விழுகிறது என்பது மட்டும் எல்லா மொழிக்கும் ஒன்று இல்லை. ஆங்கிலத்தில் 'போகாதே' என்பதற்கான சொல் வாக்கியத்தின் முன்னாலேயே வந்து விடும். வால் வெட்டுப்பட்டாலும் எங்கே, ஏன் என்பதுதான் போகும். தமிழில் உண்டு, இல்லை, வேணும், வேண்டாம், செய், செய்யாதே எல்லாமே வாக்கியத்தின் வாலில்தான் இருக்கிறது. வால் போனால் பேச்சே தலைகீழ். கீழ்ப் பாதையைப் பாவிக்கிற கிராமத்துச் சிங்கள நண்பன் ஒருவனிடம் இதைச் சொன்னோம். அவன் சிரிக்கவில்லை. "எங்களுக்கும் அப்படித்தானே. 'யன்ன எபா'ன்னு சொன்னா 'எபா' கடைசியில தானே வருது" என்றான். சிங்கள எழுத்துக்கும் ஒவ்வொரு குறிக்கு மூன்று பைட்தான்.

*

காரணம் தெரிந்ததும் உடனே திருத்தி விட்டோம் என்று நினைத்தோம். ஸ்க்ரிப்ட் அனுப்புகிற வரி 512ஐத் தாண்டாமல் அளவு வைத்தோம். அனுப்பினோம். திரும்பவும் வெட்டு! இந்தத் தடவை கடைசி 29 பைட். 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு 24 பைட், ஆகவே அது முழுசாக அந்த 29க்குள் அடங்கி விடும்.

திரும்ப வயரைக் கேட்டோம். நாங்கள் அனுப்பும்போது 'இந்தச் சனலுக்கு' என்று முன்னால் வைக்கிற கட்டளைக்கு 18 பைட். சேர்வர் அதை மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது 'இன்னார், இன்ன முகவரியிலிருந்து, இந்தச் சனலுக்கு' என்று சேர்த்து விடுகிறது. எங்கள் சனலில் அதற்கு 47 பைட். வித்தியாசம் 29. கடிதத்தின் நீளத்தை அளந்தோம், கடித உறையில் தபால்காரர் எழுதுகிறதை அளக்கவில்லை. பெயர் நீளமானால் இந்த 47உம் கூடும். அதனால் விளிம்பு வரைக்கும் போகாமல் 400 பைட்டில் நிறுத்தினோம். ஃபோல்ட் என்ற கட்டளை, பைட்டை எண்ணிக் கொண்டே போய், சொல்லின் நடுவில் இல்லாமல் இடைவெளியில் மடித்துக் கொடுக்கும். நீளமான அறிவித்தல் இப்போது இரண்டு வரியாகப் போகிறது.

நாங்கள் கை கழுவப் போன நேரம், அக்கா ஒரு கேள்வி கேட்டார். "சரி தம்பி, ரெண்டு வரியா வருமுங்கிறீங்க. ரெண்டாவது வரி வரல்லேன்னா? முழுசா வந்திருச்சா, இன்னும் வரணுமான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

பதில் இல்லை. உண்மையிலேயே இல்லை. ஒரு போன் முதல் வரி வந்த கையோடு வைஃபையை விட்டு விலகினால் இரண்டாவது வரி அதற்கு வராது. நாங்கள் நான்கு பேரும் அனுப்புகிற பக்கத்திலிருந்தே யோசித்துக் கொண்டிருந்தோம். அக்கா வாங்குகிற பக்கத்திலிருந்து யோசித்தார். அதனால் இப்போது எங்கள் ஒவ்வொரு அறிவித்தலும் 'முடிஞ்சது' என்ற சொல்லோடுதான் முடியும். 'முடிஞ்சது' இல்லாத அறிவித்தலை நம்ப வேண்டாம், வாசிகசாலையில் வந்து கேளுங்கள் என்று மூன்று லயத்திலும் சொல்லியிருக்கிறோம்.

அடுத்தது மொழியில் ஒரு மாற்றம். இதைச் சொல்லித் தந்தவர் எங்களில் ஒருவனுடைய தாத்தா. நடந்ததைக் கேட்டு விட்டு, "அந்தக் காலத்துல பிரட்டுக்குத் தப்பு அடிப்பாங்க. சாவுக்கும் தப்பு அடிப்பாங்க. அடிக்கிற அடியிலேயே இது என்னா சங்கதின்னு தெரிஞ்சிரும். அதுக்குப் பொறகுதான் யாரு, எங்கேன்னு கேக்கிறது. நீங்க என்னாடான்னா கதையெல்லாம் சொல்லிட்டு கடைசியில சங்கதியைச் சொல்றீங்க" என்றார்.

பழைய அறிவித்தலை எடுத்துப் பார்த்தோம். முதலில் வணக்கம். பிறகு வாசிகசாலையின் பெயர். பிறகு திகதி, நேரம், மழை அளவு, அந்த அளவுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு விளக்கம். எல்லாம் முடிந்து, கடைசிக்குக் கடைசியாக, உயிருக்குத் தேவையான ஒரு வாக்கியம். அதிலும் கடைசிச் சொல்லாக அந்த 'வேண்டாம்'. சேர்வர் வெட்டினது 1993ஆம் வருசத்து விதியால். ஆனால் வெட்டுப்படுகிற இடத்தில் அந்தச் சொல்லைக் கொண்டு போய் வைத்தது நாங்கள்தான்.

இப்போது இப்படிப் போகிறது: "இறங்காதீங்க. கீழ்ப் பாதை வேண்டாம். மதகுகிட்ட மண் சரிவு. மேல் பாதையால போங்க. மழை 104. முடிஞ்சது." எந்த இடத்தில் வெட்டினாலும் யாரும் கீழ்ப் பாதையில் இறங்க மாட்டார்கள். வணக்கம் போய் விட்டது, யாரும் கவலைப்படவில்லை. இரண்டு வரியும் தேவையில்லை, ஒரே வரியில் இடம் மிச்சம்.

நவீனமான வேறு அரட்டை முறைக்கு மாறி விடலாமே என்று ஒருவன் சொன்னான். மாறலாம். 1999இல் ஜெரமி மில்லர் அறிவித்த ஜெபர் வழி வந்த சேர்வர்களில் இந்த 512 கிடையாது. எப்போதாவது மாறுவோம். ஆனால் அங்கேயும் வேறு ஏதோ ஓர் எல்லை, வேறு ஏதோ ஓர் இடத்தில் இருக்கும். அப்போதும் முதலில் தெரிய வருவது எங்களுக்கு இல்லை, மறுமுனையில் போனைப் பார்த்துக் கொண்டிருக்கிற ஆளுக்குத்தான்.

அதனால் சுவரில் ஒட்டின தாளில் நான்காவதாக ஒன்று சேர்த்தோம்: 'வாங்கினவரிடம் போய்க் கேள்.' ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு சோதனை அறிவித்தல் அனுப்புகிறோம். அனுப்பி விட்டு லயம் லயமாக நடந்து போய், போனைக் காட்டச் சொல்லி, 'முடிஞ்சது' வந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். முதல் காம்பரா எப்போதும் அக்காவுடையது. போனை நீட்டுவதற்கு முன்னாலேயே, "வந்திருச்சு, வந்திருச்சு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்பார். அப்போதும் போனை வாங்கிப் பார்த்து விட்டுத்தான் குடிக்கிறோம்.